கேளுங்கள், சொல்கிறோம்: டேங்க்கின் எடை, மணியின் நிமிடம்

கேள்வி: டிஷ்வாஷ் லிக்விடும் பினாயிலும் தயாரித்து விற்கிறோம். இதுவரை டிரம்மில் கையால் கலக்கினோம். இனி ஒரு தடவைக்கு 500 லிட்டர் போட எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) மிக்சிங் டேங்க் வேண்டும். மூன்று இடத்தில் கொட்டேஷன் வாங்கினேன். மூன்றிலும் "500 லிட்டர், 304 கிரேடு, மோட்டாருடன்" என்றுதான் இருக்கிறது. ஆனால் குறைந்த விலையைப் போல இரண்டு மடங்கு இருக்கிறது அதிக விலை. எதை நம்புவது?
- வாசகி, ஈரோடு

பதில்: அந்த ஒற்றை வரியை வைத்து எதையும் நம்ப முடியாது. மூவரிடமும் நான்கு விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்: மொத்தக் கொள்ளளவு எவ்வளவு, தகட்டின் கனம் எவ்வளவு, மோட்டாரும் கியர் பாக்ஸும் நீங்கலாக எஸ்.எஸ். மட்டும் எத்தனை கிலோ, கலக்கி எத்தனை ஆர்.பி.எம்.மில் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) சுற்றும். பதில் வந்ததுமே விலை ஏன் அப்படி விலகுகிறது என்று தெரிந்துவிடும்.

முதலில் கொள்ளளவு. 500 லிட்டர் டேங்க்கில் 500 லிட்டர் கலக்க முடியாது. சோப்பு லிக்விட் நுரைத்து மேலே வரும். முக்கால் அளவுக்கு நிரப்புவதே கணக்கு. ஆகவே உங்களுக்கு வேண்டியது 650 லிட்டர் டேங்க். 900 மி.மீ. விட்டம், 950 மி.மீ. நேர் உயரம் வைத்தால் உருளைப் பகுதி சுமார் 600 லிட்டர். அடியில் கிண்ணம் போன்ற டிஷ் எண்ட் ஏறக்குறைய 60 லிட்டர் பிடிக்கும். தட்டையான அடிப்பாகம் மலிவுதான். ஆனால் ஒவ்வொரு பேட்ச்சிலும் ஓரத்தில் கொஞ்சம் சரக்கு தங்கும், கழுவுவதும் சிரமம். வேண்டாம்.

அடுத்து எடை. எஸ்.எஸ். தகட்டின் எடையை நீங்களே போட்டுப் பார்க்கலாம்: சதுர மீட்டரில் பரப்பு, மி.மீ.யில் கனம், இரண்டையும் பெருக்கி 8-ஆல் பெருக்கினால் கிலோ. மேலே சொன்ன டேங்க்கின் சுவர் 2.83 மீட்டர் சுற்றளவு, 0.95 மீட்டர் உயரம். 3 மி.மீ. தகடு என்றால் 64 கிலோ சொச்சம். டிஷ் எண்ட் 4 மி.மீ.யில் 28 கிலோ போல வரும். கால்கள், மூடி, மோட்டார் உட்காரும் பாலம், ஷாஃப்ட், பிளேடு எல்லாம் சேர்த்தால் 140 முதல் 160 கிலோ. யாராவது 100 கிலோவுக்குக் கீழே சொன்னால் அது 2 மி.மீ. வேலை. 2 மி.மீ. தண்ணீரின் பாரத்தைத் தாங்கிவிடும். கலக்கி சுற்றும்போது வரும் அதிர்வைத்தான் தாங்காது. சில மாதங்களில் பாலம் உட்காரும் இடத்து வெல்டிங்கில் கீறல் விடும்.

304 என்று சொல்லி மலிவான 202 கிரேடு எஸ்.எஸ். போடுவது பழைய கதை. காந்தம் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. இரண்டுமே காந்தத்தில் ஒட்டாது, வளைத்த இடத்திலும் வெல்டிங்கிலும் இரண்டுமே லேசாக இழுக்கும். மாங்கனீஸ் சோதனைத் திரவம் என்று சின்ன பாட்டில் கிடைக்கிறது. தகட்டில் ஒரு சொட்டு விட்டு 9 வோல்ட் பேட்டரியைத் தொடவைத்தால், மாங்கனீஸ் மிகுந்த 202 சிவக்கும். 304 அப்படிச் சிவக்காது. சுவரில் மட்டும் சோதிக்காமல் ஷாஃப்ட், பிளேடு, கால் எல்லாவற்றிலும் ஒரு சொட்டு விடுங்கள். ஏமாற்று நடப்பது பெரும்பாலும் அங்கேதான். தகட்டைத் தயாரித்த ஆலை தரும் மில் டெஸ்ட் சர்டிபிகேட்டையும் பில்லோடு கேளுங்கள்.

இனி கலக்கி. உங்கள் சரக்குக்கு 3 எச்.பி. மோட்டார் தேவையில்லை, யார் எவ்வளவு வற்புறுத்தினாலும். 1 எச்.பி., 1,440 ஆர்.பி.எம். மோட்டாரில் 20-க்கு 1 கியர் பாக்ஸ் போட்டால் ஷாஃப்ட் 72 ஆர்.பி.எம்.மில் சுற்றும். அந்த வேகம் போதும். இதைவிட வேகம் கூட்டினால் காற்றை உள்ளே இழுத்து டேங்க் முழுக்க நுரையாகும். அது அடங்கி பாட்டிலில் நிரப்ப மறுநாள் ஆகும். 400 மி.மீ. விட்டத்தில், 45 டிகிரி சாய்ந்த நான்கு பிளேடு கொண்ட கலக்கி இரண்டு அடுக்கு. கீழ் அடுக்கு அடியிலிருந்து 150 மி.மீ. உயரத்தில், மேல் அடுக்கு 500 மி.மீ. உயரத்தில். ஷாஃப்ட் 40 மி.மீ.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இந்த அமைப்பில் சுமார் 330 லிட்டருக்குக் குறைவாகப் போட்டால் மேல் பிளேடு திரவத்தின் மேல்மட்டத்தில் அடித்து நுரை கிளப்பும். ஆர்டர் குறைந்த நாளில் 200 லிட்டர் போடும் எண்ணம் இருந்தால், மேல் பிளேடைக் கழற்றவோ இறக்கவோ முடிகிற மாதிரி ஹப் (பிளேடை ஷாஃப்ட்டில் பிடிக்கும் வளையம்) வைக்கச் சொல்லுங்கள்.

பினாயில் தண்ணீர் போல இருப்பதால் கலக்கும்போது நடுவில் சுழி விழும். சுவரை ஒட்டி 75 மி.மீ. அகலத்தில் மூன்று தடுப்புப் பட்டைகள், சுவருக்கும் பட்டைக்கும் 15 மி.மீ. இடைவெளி விட்டு, கழற்றுகிற மாதிரி இருக்கட்டும். கெட்டியான டிஷ்வாஷுக்கு அவை தேவைப்படாது. கேஸ்கெட் ரப்பராக இருந்தால் பைன் ஆயில் வாசனை அதில் ஏறி, அடுத்த பேட்ச் எலுமிச்சை லிக்விடும் பினாயில் மணக்கும். டெஃப்லான் கேளுங்கள்.

வீட்டில் சிங்கிள் பேஸ் இணைப்புதான் என்றால் வி.எஃப்.டி. என்ற வேகக் கட்டுப்பாட்டுக் கருவி வழியாக த்ரீ பேஸ் மோட்டாரை ஓட்டலாம். வேகத்தைக் குறைக்கும் வசதியும் கிடைக்கும். ஆனால் மோட்டாரின் டெர்மினல் பெட்டியில் ஆறு முனைகள் இருக்க வேண்டும். அப்போதுதான் உள்சுற்று இணைப்பை 230 வோல்ட்டுக்கு ஏற்ற டெல்டா முறைக்கு மாற்றிக் கட்ட முடியும். மூன்று முனை மட்டும் வெளியே வந்திருக்கிற மோட்டாரை வாங்கிவிட்டுத் தவிப்பவர்கள் உண்டு.

அடி வால்வு 2 அங்குலம். அது டேங்க்கின் அடியோடு ஒட்டி இருக்க வேண்டும். அரை அடிக் குழாய் விட்டு அதன் முனையில் வால்வு வைத்தால், அந்தக் குழாயில் நிற்கிற சரக்கு கலக்கப்படாமலே முதல் பாட்டிலுக்குப் போகும்.

டேங்க்கை வாங்கிய பிறகு அதைக் கெடுப்பது பெரும்பாலும் உப்பு. லிக்விடைக் கெட்டிப்படுத்தப் போடும் உப்பை அப்படியே கொட்டாதீர்கள். உப்புக்கல் அடியில் தங்கி, வெல்டிங் ஓரத்தில் ஊசி குத்தினாற்போல் 304-ஐ அரிக்கும். பிளாஸ்டிக் வாளியில் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். வேலை முடிந்த அன்றே டேங்க்கை நல்ல தண்ணீரில் அலசுங்கள். நுரைக்காகச் சேர்க்கும் ஆசிட் ஸ்லரியையும் முதலில் ஊற்றக்கூடாது. தண்ணீரில் காஸ்டிக் சோடா கரைந்த பிறகு, கலக்கி ஓடிக்கொண்டிருக்க, மெதுவாகச் சேர்க்க வேண்டும். எஸ்.எல்.இ.எஸ். என்ற நுரைப் பசையின் மேல் தண்ணீர் ஊற்றினால் அது வழியிலேயே கட்டி ஜெல்லாகி பிளேடைப் பிடித்துக்கொள்ளும். தண்ணீரில் பசையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். மோட்டார் திணறுவதற்குப் பாதி நேரம் இதுதான் காரணம், எச்.பி. போதாமை அல்ல.

பட்டறையிலேயே சோதித்துப் பார்த்துவிட்டு மீதிப் பணம் கொடுங்கள். 500 லிட்டர் தண்ணீர் நிரப்பி ஒரு இரவு விட்டு, கோடு இறங்குகிறதா பாருங்கள். பிறகு ஒரு மணி நேரம் ஓடட்டும். ஷாஃப்ட்டின் ஆட்டம், கியர் பாக்ஸ் சூடு, எண்ணெய்க் கசிவு மூன்றையும் கவனியுங்கள். வெறும் டேங்க்கில் முழு வேகத்தில் ஓட்டிக் காட்டச் சொல்லாதீர்கள். கீழே தாங்கல் இல்லாத ஷாஃப்ட் திரவம் இல்லாமல் சுழன்றால் வளையக்கூடும். உள்ளே கையை விட்டு வெல்டிங்கைத் தடவிப் பாருங்கள். கை வழுக்க வேண்டும். சாதாரண இரும்பு தேய்த்த கிரைண்டிங் வீலாலேயே இதையும் தேய்த்திருந்தால் சீக்கிரமே துருப்புள்ளிகள் எட்டிப் பார்க்கும். வெல்டிங் கறையை நீக்கும் பிக்ளிங் பேஸ்ட் தடவிக் கழுவினார்களா என்று கேளுங்கள்.

கேள்வி: அதே டேங்க்கில் டாய்லெட் கிளீனரும் பிளீச் லிக்விடும் போடலாமா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: கூடாது. ஹைட்ரோகுளோரிக் ஆசிட் சேர்ந்த டாய்லெட் கிளீனர் 304-ஐயும் தின்னும், அதைவிட உயர்ந்த 316 கிரேடையும் தின்னும். பிளீச்சும் அப்படித்தான். எச்.டி.பி.இ. என்ற கெட்டி பிளாஸ்டிக் டேங்க், பிளாஸ்டிக் பூச்சுள்ள கலக்கி போதும், செலவும் குறைவு. இரண்டுக்கும் ஒரே டேங்க் மட்டும் வேண்டாம். ஒன்றின் மிச்சத்தில் மற்றது விழுந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய அறையில் உயிருக்கே ஆபத்து. டேங்க், வாளி, புனல் வரைக்கும் தனித்தனியாக, வேறு வேறு நிறத்தில் வையுங்கள். அலுமினியப் பாத்திரம் எதையும் காஸ்டிக் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அது கரைந்து ஹைட்ரஜன் வெளிவரும்.

கேள்வி: நகை செய்து ஆன்லைனில் விற்கிறேன். கையால் செய்த கண்ணாடி மணி என்று ஒருவர் 8 ரூபாய்க்குத் தருகிறார், இன்னொருவர் அதே 12 மி.மீ. மணிக்கு 100 ரூபாய் கேட்கிறார். இரண்டுமே கைவேலைதானாம். கண்ணாடிக்கு அவ்வளவு விலையா?
- வாசகி, புதுச்சேரி

பதில்: கண்ணாடிக்கு இல்லை. 12 மி.மீ. உருண்டை மணி, துளை போக, சுமார் 2 கிராம்தான். நீங்கள் விலை கொடுப்பது நிமிடங்களுக்கு.

டார்ச் சுடரில் கண்ணாடிக் குச்சியை உருக்கி, மாண்ட்ரல் என்ற மெல்லிய எஸ்.எஸ். கம்பியில் சுற்றிச் செய்யும் லாம்ப்வொர்க் மணியின் ஒரு நாள் கணக்கைப் பாருங்கள். விலைகள் இடத்துக்கு இடம் மாறும், உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். சுடர் முன்னால் உண்மையில் உட்காருவது ஐந்தரை மணி நேரம். ஒரே நிற உருண்டைக்கு 4 நிமிடம் வைத்தால் சுமார் 80 மணிகள். பத்தில் ஒன்று விரிசல், கோணல் என்று போனால் தேறுவது 72. கூலி 900, கேஸும் ஆக்சிஜனும் 500, உலை மின்சாரம் 60, மணி ஒட்டாமலிருக்க மாண்ட்ரலில் தடவும் பூச்சும் துளையைச் சுத்தம் செய்யும் ரீமரும் 40, வாடகையும் கருவித் தேய்மானமும் 200. கண்ணாடிக் குச்சி, துண்டு வீணாவதையும் சேர்த்து 190 கிராம். கிலோ 2,000 என்றால் 380. மொத்தம் 2,080. மணி ஒன்றுக்கு அடக்கம் 29 ரூபாய்.

அதே அளவு மணியில் பூ வைத்து, மேலே தெளிந்த கண்ணாடி போர்த்தினால் 15 நிமிடம். ஒரு நாளைக்கு 22, தேறுவது 19. கண்ணாடிச் செலவு 110 ஆக இறங்கும், மற்றதெல்லாம் அப்படியே. மொத்தம் 1,810, மணி ஒன்றுக்கு 95 ரூபாய். இரண்டு மணியிலும் கண்ணாடியின் பங்கு 5, 6 ரூபாய்தான். 100 ரூபாய் கேட்டவர் வைத்தது பூ மணி என்றால் அவருக்கு லாபமே இல்லை. ஒற்றை நிற உருண்டை என்றால் தாராளமாகப் பேரம் பேசுங்கள்.

8 ரூபாய் மணி பொய் என்று சொல்லிவிட முடியாது. உத்தரப்பிரதேசத்தின் புர்தில்நகரிலும் வாரணாசியிலும் கை பழகியவர்கள் உள்ளூர்க் கண்ணாடியில் மளமளவென்று சுற்றித் தள்ளுவார்கள். திருப்பதி பக்கம் பாப்பநாயுடுபேட்டையின் முறையோ வேறு: உருகிய கண்ணாடியை நீளமான குழலாக இழுத்து, துண்டு போட்டு, மறுபடி சூடாக்கி முனை மழுக்குவது. ஒரு இழுப்பில் எண்ணற்ற மணிகள். உங்கள் ஊருக்குப் பக்கத்து அரிக்கமேட்டில் மண்ணிலிருந்து கிடைக்கும் சின்னஞ்சிறு மணிகளும் இந்த இழுப்பு முறைதான். அதுவும் கைவேலையே, ஆனால் ஒவ்வொரு மணியாக உட்கார்ந்து செய்வதில்லை. எனவே "கைவேலையா" என்று கேட்பதை விட்டு "சுற்றியதா, இழுத்ததா, எத்தனை நிமிடம்" என்று கேளுங்கள்.

விலை குறைக்க முதலில் வெட்டப்படுவது அனீலிங், அதாவது செய்த மணியை உலையில் வைத்து மெதுவாக ஆறவிடுவது. மேல் கணக்கில் அதன் மின்சாரம் ஒற்றை நிற மணி ஒன்றுக்கு ஒரு ரூபாய்கூட இல்லை, ஆனால் உலை வேண்டும், பொறுமை வேண்டும். இத்தாலிய முரானோ வகைச் சோடா கண்ணாடிக்கு 510 டிகிரி செல்சியஸ் அருகில் ஒரு மணி நேரம் நிறுத்தி, பிறகு மணி நேரத்துக்கு 50 முதல் 80 டிகிரி வீதம் 370 வரை இறக்கி, உலையை அணைத்து, தானாக ஆறவிட வேண்டும். சாம்பலிலோ பஞ்சுப் போர்வையிலோ புதைத்து வைப்பது அனீலிங் ஆகாது. மணி உடனே வெடிக்காமல் ஆறும், அவ்வளவுதான். உள் இறுக்கம் அப்படியே நிற்கும். என்றோ ஒரு நாள் வாடிக்கையாளர் கழுத்திலிருக்கும்போது இரண்டாகப் பிளக்கும். போலரைஸ்டு ஃபிலிம் இரண்டை, வெளிச்சம் மறையும்படி குறுக்காக வைத்து நடுவில் தெளிந்த மணியைப் பிடியுங்கள். துளையைச் சுற்றி வெள்ளையாக ஒளிர்ந்தால் இறுக்கம் இருக்கிறது. ஒளிபுகாத நிறங்களில் இந்தச் சோதனை எடுபடாது.

இரண்டு நிறம் சேரும் கோட்டில் மயிரிழை விரிசல் இருந்தால் அது பெரும்பாலும் விரிவுக் கெழு (சூட்டில் கண்ணாடி விரியும் அளவைச் சொல்லும் எண்) ஒத்துப்போகாத கண்ணாடிகளைக் கலந்த வேலை. 104 வகைக் குச்சியோடு 104 வகைதான் சேரும். 90, 96, போரோசிலிகேட்டின் 33 எதுவும் சேராது. அந்த லாட்டையே திருப்பிவிடுங்கள்.

துளையையும் பாருங்கள். முனை உள்நோக்கிக் குழிந்து வழவழப்பாக இருக்க வேண்டும். கூர்மையாக நீட்டிக்கொண்டிருந்தால் நூலை அறுக்கும், நீங்கள் இரண்டு தடவை கோர்க்க வேண்டியிருக்கும். உள்ளே வெள்ளைப் பொடி இருந்தால் மாண்ட்ரல் பூச்சைச் சுத்தம் செய்யவில்லை. அதை உலர்ந்தபடி சுரண்டாதீர்கள், தூசி நுரையீரலுக்குப் போகும். தண்ணீரில் நனைத்து வைர ரீமரால் எடுங்கள்.

கேள்வி: உருண்டைகளைச் சுழற்றிப் பெயிண்ட் அரைக்கும் பீட் மில்லுக்குக் கண்ணாடி மணி வேண்டும். கையால் செய்கிறவர்களிடம் மொத்தமாக வாங்கினால் மலிவாக வருமா?
- வாசகர், ஓசூர்

பதில்: வராது, வந்தாலும் போடக்கூடாது. துளையுள்ள மணி மில்லில் ஓட்டை வழியாகவே உடைந்து, சில்லு சல்லடையை அடைத்துவிடும். உங்களுக்கு வேண்டியது துளையில்லாத, ஒரே அளவில் சலித்த சோடா லைம் உருண்டைகள், கிலோ கணக்கில் விற்பவை. அடர்த்தி 2.5 அளவில் இருப்பதால் பிசுபிசுப்பு கூடிய இங்க்குக்கு அவை போதாது. அங்கே 6 அடர்த்தியுள்ள சிர்கோனியா என்ற பீங்கான் வகை உருண்டைகளைப் போட்டால் வேகமாக அரையும். மில் அறையில் 70 முதல் 85 சதவீதம் நிரப்புங்கள். குறைந்தால் உருண்டையோடு உருண்டை மோதித் தேயும், கூடினால் சூடேறும்.