ஜா பிளேட்டில் 60 எச்ஆர்சி பூச்சு ஏன் நிற்பதில்லை?

கேள்வி: நாமக்கல் பக்கம் கருங்கல் ஜல்லி கிரஷர் வைத்திருக்கிறோம். தேய்ந்த மாங்கனீஸ் ஜா பிளேட்டுக்கு (கல்லை நெரிக்கும் தாடைத் தகடு) 60 எச்ஆர்சி (ராக்வெல் கடினத்தன்மை அளவு) வெல்டிங் ராடில் மூன்று அடுக்கு ஹார்டு ஃபேசிங், அதாவது தேய்மானம் தாங்கும் கடினப் பூச்சு, போட்டுத் தந்தார்கள். 20 நாளில் சில்லு சில்லாகப் பெயர்ந்துவிட்டது. வெல்டர் தப்பா, ராடு போலியா?

பதில்: ராடு அசலாகவே இருக்கலாம். உங்கள் வேலைக்கு அது ஆகாது. 60 எச்ஆர்சி என்று விற்பது பெரும்பாலும் ஹை குரோம் ராடு. அதிலுள்ள குரோமியம் கார்பைடு மணலைவிடக் கடினம். உராய்வைத் தாங்கும், அடியைத் தாங்காது. ஜாவில் கல் உரசுவதோடு மோதி நொறுங்கவும் செய்கிறது. மூன்று அடுக்கு போட்டால் இன்னும் சீக்கிரம் பெயரும்.

மாங்கனீஸ் எஃகின் பலமே வேறு. புதிதாக 200 பிரினெல் (இதுவும் ஒரு கடினத்தன்மை அளவு) அளவில் இருப்பது, அடி வாங்க வாங்க மேற்பரப்பில் 500 வரை இறுகும். உள்ளே மென்மையாகவே இருக்கும். அதன் மேல் கண்ணாடி போன்ற ஓட்டைப் போர்த்தினால் அடியில் உள்ளது அமுங்கும், மேலே உள்ளது உடையும்.

இதைச் சொல்லாமல் கமிஷனுக்கு ராடு தள்ளிவிடும் ஏஜெண்டுகள்தான் பெரிய தொல்லை. ஹார்ட்னஸ் எண்ணை மட்டும் காட்டுவார்கள். பேட்ச் எண் இல்லாத, பிரித்துக் கட்டிய பாக்கெட்டை வாங்கவே வாங்காதீர்கள். 'லேப் சான்றிதழ் இருக்கிறது' என்று ஏஎஸ்டிஎம் ஜி65 தாளை நீட்டினால், அது ரப்பர் சக்கரத்துக்கும் உலோகத் துண்டுக்கும் நடுவே மணலை விட்டுத் தேய்க்கும் சோதனை. ஓர் அடிகூட அதில் விழாது. கிரஷருக்கு வாங்கும் ராடையும் இந்த ஒரே தாளை வைத்து ஏற்றுக்கொள்ளும் வழக்கம் எப்போதுதான் ஒழியுமோ!

ஹை குரோமே கூடாது என்பதல்ல. ஜல்லி வழுக்கி இறங்கும் சரிவுத் தொட்டி (சூட்), எம்-சாண்ட் ஸ்க்ரூ, தூசி போகும் குழாய் வளைவு: கல் உயரத்திலிருந்து விழாமல் உரசி மட்டும் போகும் இடமென்றால் அதுதான் சரி. சரிவுத் தொட்டியிலும் கல் வந்து விழும் முதல் பகுதிக்குப் போடாதீர்கள், வழுக்கும் பகுதிக்கே போடுங்கள். அங்கே வெல்டிங் வரிக்குக் குறுக்காக முடி போல் விரிசல் வரும்; அது இயல்பு, பயப்பட வேண்டாம். வரியின் நீளத்தோடு ஓடினாலோ அடித்தகட்டுக்குள் இறங்கினாலோதான் கெடுதல்.

ஜாவுக்குச் செய்ய வேண்டியது: காந்தம் வையுங்கள், மாங்கனீஸில் ஒட்டாது. பெயர்ந்த பூச்சு, விரிசல், இறுகிய மேல்தோல் மூன்றையும் கிரைண்டரால் முழுதாக எடுங்கள். முன்சூடு வேண்டாம். முதலில் 18-8 மாங்கனீஸ் ஸ்டெயின்லெஸ் ராடில் ஓர் அடுக்கு, அதன்மேல் தேய்ந்த அளவை நிரப்பும் மாங்கனீஸ் பில்டப் ராடு. சாதா மைல்டு ஸ்டீல் ராடு போட்டால் சேருமிடம் நொறுங்கும். சின்னச் சின்ன வரியாக, இடம் மாற்றி மாற்றிப் போட்டு, ஒவ்வொரு வரியையும் சூட்டோடு சுத்தியலால் தட்ட வேண்டும். வெல்டிங்குக்கு அரை அங்குலம் தள்ளி 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பிளேட்டே நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். வெல்டர் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். டெம்பரேச்சர் சாக்பீஸ் (குறித்த சூட்டில் உருகிக் காட்டுவது) கொடுத்து வேலை வாங்குங்கள்.

அடுத்த முறை அடிப்பாதி மட்டும் தேய்ந்திருந்தால், இருபுறமும் போடக்கூடிய பிளேட்டைத் தலைகீழாகத் திருப்பிப் போடுங்கள். வெல்டிங் செலவே இல்லை. மாட்டும்போது ஆப்பு போல்ட்டை முறுக்கி, சில மணி நேரம் ஓடியபின் மறுபடி முறுக்குங்கள். பின்னால் இடைவெளி விட்டு ஆடும் பிளேட்டில் எந்த ராடும் நிற்காது.