மதுவுக்குப் பதிலாக 'ரிலாக்ஸ்' பானம்: மாத்திரை சாப்பிடுபவர் குடிக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 42. தினமும் இரவில் குடித்து வந்தேன். விட்டு இரண்டு மாதமாகிறது. மனப்பதற்றத்துக்கு எஸ்சிட்டலோபிராம் 10 மி.கி.யும், தைராய்டு குறைவுக்குத் தைராக்சின் 75 மைக்ரோகிராமும் ஒரு வருடமாகச் சாப்பிடுகிறேன். மூன்று வாரமாக, மனதைத் தளர்த்தும் என்று சொல்லப்படும் ஆல்கஹால் இல்லாத பானம் இரவுக்கு இரண்டு டின் குடிக்கிறேன். 330 மி.லி. டின்னில் அசுவகந்தா சாறு 300 மி.கி., எல்-தியானின் 100, 5-எச்.டி.பி. 50, மக்னீசியம் 100, காபா 50 என்று போட்டிருக்கிறது. குடித்த இருபது நிமிடத்தில் மனசு லேசாகிறது. ஆனால் பத்து நாளாகக் கை நடுங்குகிறது, வியர்க்கிறது, மலம் இளகலாகப் போகிறது, படபடப்பும் இருக்கிறது. மதுவை விட்டதால் வந்ததா? பானத்தைத் தொடரலாமா?

பதில்: மதுவை விட்டதால் வரும் நடுக்கம், கடைசியாகக் குடித்த 6 முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கி, பெரும்பாலும் ஒரு வாரத்தில் அடங்கிவிடும். இரண்டு மாதம் கழித்துப் புதிதாகத் தலைகாட்டாது. எனக்குச் சந்தேகம் அந்த டின் மேல்தான். இன்று இரவிலிருந்தே நிறுத்திவிட்டு, நாளைக்குள் மருத்துவரைப் பாருங்கள். எஸ்சிட்டலோபிராமை மட்டும் நீங்களாக நிறுத்த வேண்டாம். சட்டென்று விட்டால் தலைசுற்றலும் எரிச்சலும் சேர்ந்துகொண்டு, எது எதனால் வந்தது என்றே பிரிக்க முடியாமல் போகும்.

முதலில் பார்க்க வேண்டியது 5-எச்.டி.பி. நரம்பு செல்களுக்கிடையே செய்தி கடத்தும் செரட்டோனின் என்ற வேதிப்பொருளை உடல் செய்வதற்கான மூலப்பொருள் அது. எஸ்சிட்டலோபிராமோ, சுரந்த செரட்டோனினை நரம்பு செல்கள் திரும்ப உறிஞ்ச விடாமல் தடுக்கிறது. ஒரு பக்கம் குழாயைத் திறந்துவிட்டு, மறுபக்கம் வடிகாலை அடைப்பது போலத்தான். இரண்டு டின்னில் உங்களுக்கு 100 மி.கி. போகிறது. செரட்டோனின் மிகையானால் நடுக்கம், வியர்வை, படபடப்பு, இளகல் மலம், நிலைகொள்ளாமை எல்லாம் வரும். நீங்கள் எழுதியிருப்பதில் பெரும்பாலானவை இந்தப் பட்டியலில் இருப்பவை. மருத்துவர் உங்கள் முழங்காலைச் சற்று மடக்கி, பாதத்தைச் சட்டென்று மேல்நோக்கித் தள்ளிப் பிடித்துப் பார்ப்பார். பாதம் தாளம் போடுவதுபோல் தானாகத் திரும்பத் திரும்பத் துடித்தால் சந்தேகம் வலுக்கும். லேசான பாதிப்பு என்றால், பானத்தை நிறுத்திய ஒன்றிலிருந்து மூன்று நாளில் தணிந்துவிடும். காய்ச்சல், கால்கள் விறைப்பது, குழப்பமான பேச்சு இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காலை வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

மூன்று நாளுக்குப் பிறகும் நடுக்கமும் படபடப்பும் நீடித்தால், அடுத்த சந்தேகம் அசுவகந்தா, அதாவது அமுக்கரா. சிலருக்கு அது தைராய்டு ஹார்மோனைக் கூட்டுகிறது. நீங்கள் ஏற்கெனவே வெளியிலிருந்து தைராக்சின் எடுப்பவர். தினமும் 600 மி.கி. சாறு அதற்கு மேல் சேர்ந்திருக்கிறது. டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4 என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனைகள் இரண்டையும் இப்போதே பாருங்கள். டின்னில் பயோட்டின் என்ற பி வைட்டமினும் இருந்தால், குறைந்தது இரண்டு நாள் இடைவெளி விட்டு ரத்தம் கொடுங்கள். அது சில ஆய்வக முறைகளில் தைராய்டு அளவைத் தவறாகக் காட்டும். இங்கே அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று உண்டு: அளவு கூடியிருப்பதைப் பார்த்ததும் தைராக்சினைக் குறைத்துவிடுவார்கள். பானத்தின் பாதிப்பு வடிந்த பிறகு உடலுக்குப் பற்றாக்குறை வந்துவிடும். அதனால் பானத்தை எடுத்த விவரத்தைச் சொல்லி, நிறுத்திய ஆறு வாரத்தில் மறுபடி பரிசோதித்து, அதற்குப் பிறகு மாத்திரை அளவை முடிவு செய்யச் சொல்லுங்கள். இடையில் அளவு மிகவும் கூடியிருந்தாலோ படபடப்பு அதிகமானாலோ, என்ன செய்வதென்று மருத்துவர் முடிவு செய்வார்.

அதே ரத்தத்தில் கல்லீரல் பரிசோதனையும் செய்துவிடுங்கள். அசுவகந்தாவால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. எண்ணிக்கையில் அரிதுதான். ஆனால் பல காலம் குடித்த கல்லீரலை வைத்துக்கொண்டு அந்தச் சோதனையில் இறங்க வேண்டாம். கண் மஞ்சளாவது, சிறுநீர் கருமஞ்சளாகப் போவது, உடல் அரிப்பு இவை அதன் அறிகுறிகள்.

இளகலாகப் போவதற்கு மக்னீசியமும் காரணமாகலாம். குடலுக்குள் நீரை இழுப்பது அதன் இயல்பு. அது தைராக்சினோடு ஒட்டிக்கொண்டு அதை உறிஞ்ச விடாமலும் செய்யும் என்பதால் நான்கு மணி நேர இடைவெளி தேவை. தைராக்சினைக் காலையில் வெறும் வயிற்றில் சாப்பிடுபவர் என்றால் இரவு டின்னால் அந்தச் சிக்கல் வராது.

அப்படியானால் இருபது நிமிடத்தில் மனசு லேசானது எப்படி? அசுவகந்தா வாரக்கணக்கில் தினமும் எடுத்தால்தான் ஏதாவது செய்யும். காபா என்ற பெயர் கவர்ச்சியானது. மூளையை அமைதிப்படுத்தும் வேதிப்பொருள் அது. மதுவும் மூளையில் அது போய் ஒட்டும் காபா ஏற்பிகளைத்தான் தூண்டுகிறது. ஆனால் வாயால் குடிக்கும் காபா ரத்தத்திலிருந்து மூளைக்குள் எளிதில் நுழைவதில்லை. எல்-தியானின் தேயிலையில் உள்ள அமினோ அமிலம். ஆய்வுகளில் வழக்கமாகக் கொடுப்பது 200 மி.கி.; உங்கள் இரண்டு டின்னில் அந்த அளவு இருக்கிறது. ஆனால் அதற்கும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். ஆகவே அந்த முதல் லேசு, பழகிய நேரத்தில் உட்கார்ந்து குளிர்ந்த ஒன்றை மெதுவாகக் குடித்ததிலும், 'இது அமைதி தரும்' என்ற எதிர்பார்ப்பிலும் வந்தது. அதைப் பொய் என்று நான் சொல்லவில்லை. இரண்டு மாதம் மதுவைத் தொடாமல் இருக்க அந்த நேரம் உங்களுக்குக் கைகொடுக்கிறது. நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள், டின்னை மட்டும் மாற்றுங்கள்.

இரண்டு கெமோமில் தேநீர்ப் பைகளை 150 மி.லி. கொதிநீரில் போட்டு, மூடி, பத்து நிமிடம் வையுங்கள். மூடாவிட்டால் மணம் தரும் எண்ணெய் ஆவியோடு போய்விடும். பைகளைப் பிழிந்தெடுத்துக் குளிரவையுங்கள். பத்து கிராம் இஞ்சியைத் துருவிப் பிழிந்த சாறு, ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து வடிகட்டுங்கள். குடிக்கும்போது சர்க்கரை இல்லாத சோடா 150 மி.லி. ஊற்றுங்கள். இஞ்சியைத் தாராளமாகப் போடச் சொல்வதற்குக் காரணம் உண்டு: தொண்டையில் அந்தக் காரம் இருந்தால்தான் கை தானாக மெதுவாகும், காரமில்லாத பானம் இரண்டே மடக்கில் தீர்ந்து, கை அடுத்த டம்ளரைத் தேடும். செவ்வந்திக் குடும்பப் பூக்கள் ஒவ்வாதவர்களும் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களும் கெமோமிலைத் தவிர்த்து, புதினா போட்டுக்கொள்ளலாம். தியானினுக்காக இரவில் தேநீருக்கு மாற வேண்டாம். அதிலுள்ள கஃபீன் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும்.

இனி எப்போதாவது டின் வாங்கினால் பின்பக்கத்தை முதலில் படியுங்கள். ஒவ்வொரு பொருளும் எத்தனை மி.கி. என்று தனித்தனியாக இல்லாமல் 'கலவை 800 மி.கி.' என்று மொத்தமாகப் போட்டிருந்தால் வைத்துவிடுங்கள். சர்க்கரை 100 மி.லி.க்கு 8 கிராம் என்றால் பார்க்கக் குறைவுபோல் இருக்கும். இரண்டு டின்னுக்கு 53 கிராம் வரும். இன்னும் சில மூலிகைகளின் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் உங்கள் மாத்திரையோடு 5-எச்.டி.பி.யைப் போலவே ஆபத்தானது. கவா கல்லீரலைக் கெடுக்கக்கூடியது. கிராட்டம், அபின் வகை மருந்துகள் செயல்படும் அதே ஏற்பிகளில் வேலை செய்து, தானே ஒரு பழக்கமாகிவிடும். 'ஆல்கஹால் இல்லாதது' என்று எழுதியிருந்தாலும் பல நாடுகளில் 0.5 சதவீதம் வரை இருக்க அனுமதி உண்டு; மதுவை உடல் ஏற்காதபடி செய்யும் டைசல்ஃபிராம் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதையும் தொடக்கூடாது.

இன்னும் தினமும் குடித்துக்கொண்டிருப்பவர்கள், இந்தப் பானங்களை நம்பி ஒரே இரவில் மதுவை நிறுத்தக் கூடாது. முதல் 48 மணி நேரத்தில் வலிப்பு வரலாம். அதை இவை தடுக்காது. மருத்துவக் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும்.

உங்களுக்கு மாலை நேரத்தில் மது ஆசை இன்னும் தலைதூக்கினால், நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் இருக்கின்றன. கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனை முடிவுகள் வந்ததும் உங்களுக்கு எது பொருந்தும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். நாளை போகும்போது காலி டின்னையே கையில் கொண்டுபோங்கள். முதல் டின் குடித்த தேதி, நடுக்கம் தொடங்கிய தேதி, மாத்திரை சாப்பிடும் நேரம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி அதோடு கொடுங்கள்.