வார்ட்ஸ்எண்ட் கலவரம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஷெஃபீல்ட் நகரில் 1862-இல் நடந்த இடுகாட்டுக் கலவரம் பற்றி உங்கள் உரையில் கேட்டேன். பிணம் விற்கிறார்கள் என்ற வதந்திக்காக ஒருவர் வீட்டைக் கொளுத்துவார்களா? ரயில் ஓடிய ஊரில் இத்தனை மூடநம்பிக்கையா? மருத்துவம் படிக்க உடல் வேண்டாமா? இதைப் பற்றி எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

க.

அன்புள்ள க.,

உடல் வேண்டும்தான். யார் இல்லை என்றது? படிப்பதைப் பிறகு பேசுவோம்.

‘மூடநம்பிக்கை’ என்ற சொல்லை எவ்வளவு சுளுவாக வீசிவிட்டீர்கள்! வார்ட்ஸ்எண்ட் இடுகாட்டைப் பார்த்துக்கொண்டவர் ஐசக் ஹோவார்ட். அங்கே தொழுவத்துக்கு மேலே குடியிருந்த கூலிக்காரர் நாற்றம் தாங்காமல் பலகை ஓட்டை வழியாகப் பார்க்கிறார். கீழே சவப்பெட்டிகள். ஜூன் 3 அன்று கூட்டம் திரண்டு ஹோவார்டின் வீட்டை எரித்தது. எரித்தது தப்பு. ஆனால் வெறும் வதந்தியா? ஹோவார்ட் சிறைக்குப் போனார். அடக்கம் நடக்காமலே நடந்ததாக எழுதிக்கொடுத்ததற்குப் பாதிரியார் ஜான் லிவ்சிக்கும் தண்டனை கிடைத்தது. பிற்பாடு பாதிரியாருக்கு மன்னிப்பும் வந்தது. பழைய பெட்டியைத் தோண்டிக் குழியை மறுபடி விற்பதுதான் ஹோவார்டின் நோக்கம் என்று சொல்வாரும் உண்டு. இருக்கட்டும்.

கூட்டம் ஏன் உடனே மருத்துவர்களை நினைத்தது? அதைத்தான் நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

1752-இல் இங்கிலாந்தில் ஒரு சட்டம் வந்தது. தூக்கிலிட்ட கொலைகாரனின் உடலை அறுக்கக் கொடுக்கலாம். தூக்கு போதாது என்று மேலும் ஓர் அவமானம். பிறகு 1828-இல் எடின்பரோவில் பர்க், ஹேர் என்ற இருவர் உடற்கூறு வகுப்புக்கு விற்பதற்காகவே 16 பேரைக் கொன்றது தெரியவந்தது. நாடே நடுங்கியது. 1832-இல் புதுச் சட்டம். ஏழைவிடுதியிலும் ஆஸ்பத்திரியிலும் செத்து, கேட்க ஆளில்லாத உடல்கள் இனி மருத்துவப் பள்ளிக்கு. கவனியுங்கள் க., நேற்றுவரை கொலைகாரனுக்குக் கொடுத்த தண்டனை இன்று அடக்கம் பண்ணக் காசில்லாதவனுக்கு! அவன் செய்த குற்றம் என்ன? இந்த ஒரு கேள்வியை நான் இருபது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்தக் காலத்தில் தாமாகத் தம் உடலை அறுத்துப் படிக்க எழுதிவைத்த பெரிய மனிதர் என்று எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் தத்துவவாதி ஜெரமி பெந்தம் ஒருவர்தான்.

சட்டம் வந்த மறுமாதம், மான்செஸ்டரில், ஸ்வான் தெருக் காலரா ஆஸ்பத்திரியில் இறந்த பேரனின் பெட்டியைத் தாத்தா திறந்து பார்த்தார். தலை இருக்க வேண்டிய இடத்தில் செங்கல். ஜனங்கள் அந்தப் பெட்டியைத் தெருத்தெருவாகத் தூக்கிப்போய் ஆஸ்பத்திரியை உடைத்தார்கள். அவர்களிடம் போய் ‘அறிவியல் வளர வேண்டாமா’ என்று நீங்கள் கேட்பீர்களா?

அந்தக் கதி தமக்கு வரக்கூடாது என்றுதான் அந்நாள் ஆலைத் தொழிலாளிகள் அரைவயிறு சாப்பிட்டுக்கொண்டு, அடக்கச் செலவுக்குப் பணம் தரும் சாவுச் சங்கத்தில் வாராவாரம் பென்னி பென்னியாகக் கட்டினார்கள். நமக்கு இது புரியாமல் போகாது. எங்கள் அப்பத்தா தகரப்பெட்டியின் அடியில் பணம் முடிந்து வைத்திருந்தாள். “என்னை எடுத்துப்போட” என்பாள். மருந்துக்குக்கூட அதைத் தொடவிடவில்லை. அவள் போன அன்று பிரித்தோம். முந்நூற்று நாற்பது ரூபாய். பூமாலைக்கே காணாது. சித்தப்பா அதில் வேறு நோட்டு எதையும் சேர்க்காமல், முடிச்சோடு குழிவெட்டினவர் கையில் கொடுத்தார்.