முதல் டிஎஸ்எல்ஆருடன் வந்த கிட் லென்ஸ் போதுமா, வேறு லென்ஸ் வாங்க வேண்டுமா?

முதல் டிஎஸ்எல்ஆர் கேமரா வாங்கியிருக்கிறீர்கள், கூடவே 18-55 எம்எம் கிட் லென்ஸ் வந்திருக்கிறது (எம்எம் எண் சிறிதானால் காட்சி அகலமாகும், பெரிதானால் தூரத்தில் இருப்பது கிட்டே தெரியும்). நண்பர்கள் அது வேஸ்ட், உடனே 50 எம்எம் வாங்கு என்கிறார்கள். எதை வாங்குவது, எங்கிருந்து கற்பது என்று கேட்கிறீர்கள். என் பதில்: சில மாதங்களுக்கு எதையும் வாங்காதீர்கள்.

கிட் லென்ஸை மட்டமாகப் பேசினால் எனக்குப் பொறுக்காது. நான் எடுத்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்த படம் அதில் எடுத்ததுதான். பாட்டி ஜன்னலோரம் உட்கார்ந்து ஊசியில் நூல் கோக்கிற படம். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்ததால் முகத்தின் ஒவ்வொரு சுருக்கமும் தெரிந்தது. ஃப்ளாஷ் போட்டிருந்தால் எதிரிலிருந்து அடித்து அத்தனையையும் தட்டையாக்கியிருக்கும். அதனால் அதை முதலில் மூடினேன். ஏ மோடில் (கேனனில் ஏவி; லென்ஸ் துளையின் அளவை நாமே வைக்கிற மோடு) வைத்து, ஜூமை 55க்குத் தள்ளினேன். அந்த இடத்தில் இந்த லென்ஸ் அதிகபட்சம் எஃப் 5.6 வரைதான் திறக்கும் (எஃப் எண் சிறிதானால் துளை பெரிது). ஐஎஸ்ஓவை (சென்சார் வெளிச்சத்தை உணரும் அளவு) 800க்கு ஏற்றியதும் ஷட்டர் வேகம் 1/100 நொடிக்கு வந்தது, அது போதும். பின்னால் சுவர் தள்ளி இருந்தது, நான் பாட்டிக்குக் கிட்டே போனேன். பின்னணி மங்கிவிட்டது. பின்னணி மங்குவதற்கு எஃப் எண் மட்டும் காரணமில்லை. ஆளுக்கும் கேமராவுக்கும் நடுவில் எவ்வளவு தூரம், ஆளுக்கும் சுவருக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதும் காரணம்.

அந்தப் படத்தில் இரண்டு விஷயம்தான் கொஞ்சம் யோசிக்க வைத்தது. ஒன்று, அறை இருட்டு. கேமராவில் வெளிச்சத்தை அளக்கிற மீட்டர், காண்கிற எதையும் நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். இருட்டுச் சுவரைப் பார்த்து அதிக வெளிச்சம் கொடுத்து, பாட்டியின் முகத்தை வெளுக்க வைத்தது. எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற அமைப்பு) மைனஸ் 1க்கு இறக்கினேன், சரியாகிவிட்டது. இரண்டாவது, ஃபோகஸ். தானாகத் தேர்ந்தெடுக்க விட்டால் பெரும்பாலும் கிட்டே இருப்பதைத்தான் பிடிக்கும், அதாவது கையை. ஒற்றைப் புள்ளிக்கு மாற்றி, அந்தப் புள்ளியைக் கண்ணில் வைத்தேன். அப்புறம் காத்திருந்தேன். நூல் ஊசிக் காதை நெருங்கும்போது பாட்டியின் கை ஒரு நொடி அசையாமல் நிற்கும். அப்போது அழுத்தினேன். லென்ஸில் இருக்கிற ஸ்டெபிலைசேஷன் நம் கை நடுக்கத்தைத்தான் தாங்கும், எதிரே இருப்பவர் அசைந்தால் அது உதவாது.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உறவினர் ஒருவர் அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்து மாட்ட வாங்கிப் போனார். அச்சடித்தவர்கள் யாரையும் கேட்காமல் சுருக்கங்களையெல்லாம் அழித்து, நிறத்தையும் கூட்டி, பொம்மை முகமாக்கிக் கொடுத்துவிட்டார்கள். உறவினருக்கோ அதுதான் 'நீட்டாக' இருக்கிறதாம். ஒருவர் எழுபது எண்பது வருடம் வாழ்ந்து சேர்த்த முகத்தை அழிக்க இவர்கள் யார்? இன்றைக்கும் சட்டம் போட்டு மாட்டிய அந்தப் படத்தைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

சரி, லென்ஸுக்கு வருகிறேன். நல்ல லென்ஸே தேவையில்லை என்று நான் சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். எஃப் 1.8 லென்ஸ், எஃப் 5.6ஐவிடக் கிட்டத்தட்ட 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். இரவில் அறைக்குள் ஓடுகிற குழந்தையை எடுக்க அது வேண்டும், எவ்வளவு திறமை இருந்தாலும் கிட் லென்ஸ் அங்கே திணறும். எந்த ஃபோகல் லென்த் (அந்த எம்எம் எண்) உங்களுக்கு வேண்டும் என்பதை அடுத்தவர் சொல்லி வாங்காதீர்கள் என்பதுதான் என் வாதம்.

கிட் லென்ஸில் சில மாதம் எடுத்தபின், உங்களுக்குப் பிடித்த படங்களின் ஃபைல் விவரத்தைத் திறந்து பாருங்கள். ஒவ்வொன்றும் எத்தனை எம்எம்மில் எடுத்தது என்று அதில் இருக்கும். எனக்கு 35ஐச் சுற்றியே குவிந்திருந்தது. அதனால் 35 எம்எம் எஃப் 1.8 வாங்கினேன். என்னுடைய நிக்கான் கிராப் சென்சாரில் (ஃபிலிம் அளவைவிடச் சிறிய சென்சார்) அது முழு ஃபிரேமின் (ஃபிலிம் அளவு சென்சாரின்) 52 எம்எம் மாதிரி காட்டும். எல்லோரும் சொல்கிற 50 எம்எம் அதே பாடியில் (லென்ஸ் இல்லாத கேமரா உடல்) 75 மாதிரி ஆகிவிடும், கேனன் கிராப் சென்சாரில் 80. ஒருவரின் முகத்தை எடுக்க அருமையான லென்ஸ். ஆனால் சின்ன அறையில் நாலு பேரைச் சேர்த்து எடுக்கப் பின்னால் போய்ப் போய் சுவரில் முட்டுவீர்கள். உங்கள் படங்கள் 18இல் குவிந்தால் வைட் லென்ஸ் பாருங்கள். எப்போதும் 55இல் முட்டிக்கொண்டு நின்றால் 55-250, 70-300 மாதிரி, தூரத்தைக் கிட்டே கொண்டுவருகிற ஒரு டெலி ஜூம்.

வாங்கும்போது ஒன்று மட்டும் கவனம். நிக்கான் டி3500, டி5600 போன்ற பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. லென்ஸுக்குள்ளும் மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி வகை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி (லென்ஸுக்குள்ளேயே மோட்டார் உள்ளவை) என்று போட்டிருக்கிறதா பாருங்கள். கேனன் டிஎஸ்எல்ஆரில் இந்தப் பிரச்சினை இல்லை. பழைய லென்ஸ் என்றால் டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். எந்த பாடி வாங்கினீர்கள் என்று சொல்லவில்லையே, எழுதுங்கள். எது பொருந்தும் என்று சொல்கிறேன்.