மகனின் பெயரைப் பத்திரத்தில் சேர்க்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 67. ஓய்வுபெற்ற ஆசிரியை. கும்பகோணத்தில் 1996-ல் என் சம்பளத்தில் வாங்கிய வீடு என் பெயரில் இருக்கிறது. கணவர் காலமாகிவிட்டார். உடன் இருக்கும் மகன் மாடி கட்ட வங்கிக் கடன் வாங்கப் போகிறான். "பத்திரத்தில் என் பெயரையும் சேர்த்துவிடுங்கள்" என்கிறான். திருச்சியில் இருக்கும் மகள் எதுவும் சொல்லவில்லை. வழிகாட்டி மதிப்பு 60 லட்சம் ரூபாய். பெயர் சேர்ப்பதால் எனக்குப் பாதிப்பு வருமா?

பதில்: அம்மா, ரேஷன் அட்டையில் பெயர் சேர்ப்பதுபோல் பத்திரத்தில் சேர்க்க முடியாது. வீட்டில் ஒரு பாகத்தை மகனுக்குத் தான செட்டில்மெண்டாக, அதாவது பணம் வாங்காமல் குடும்பத்தினருக்குக் கொடுக்கும் பத்திரமாக எழுதிப் பதிவு செய்தால்தான் அவர் உரிமையாளர் ஆவார். பட்டாவிலோ வீட்டு வரி ரசீதிலோ பெயர் ஏறுவது மட்டும் உரிமை ஆகாது.

செலவு உங்களைப் பயமுறுத்தாது. தமிழ்நாட்டில் பெற்றோர் பிள்ளைக்கு எழுதும் செட்டில்மெண்டுக்கு முத்திரைத் தீர்வை மதிப்பில் 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000 ரூபாய். இந்த வரம்புகள் 2023 ஜூலையில் உயர்த்தப்பட்டவை. பாதி வீட்டை, அதாவது 30 லட்சத்தை எழுதினால் 30,000-மும் 10,000-மும் சேர்த்து 40,000 ரூபாய் ஆகும். மகனுக்கு வருமான வரியும் கிடையாது.

என் கவலை செலவைப் பற்றியது அல்ல. நிபந்தனை இல்லாமல் எழுதிக் கொடுத்த செட்டில்மெண்டை, மனம் மாறிவிட்டது என்று நீங்கள் ஒருவராகப் போய் ரத்து செய்ய முடியாது. உயிலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், இதை முடியாது. கொடுத்த பாகம் மகனுடைய சொத்து. அவருடைய தொழில் கடனுக்காக அது ஜப்தி ஆகலாம். அவருக்கு ஏதாவது நேர்ந்தால், உயில் இல்லாத நிலையில், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அந்தப் பாகம் மருமகள், பேரப்பிள்ளைகள், நீங்கள் என்று பிரியும். முழு வீட்டையும் எழுதிக் கொடுத்துவிட்டு, இருந்த அறைக்கே அனுமதி கேட்டு நின்ற ஒரு தாயை என் அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன். மகன் கெட்டவர் அல்ல, சூழ்நிலை மாறிவிட்டது. அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன், முழு வீட்டையும் எழுதாதீர்கள்.

மாடிக்குத் தேவையானதை மட்டும் கொடுங்கள். பிரிபடாத (எந்தப் பக்கம் என்று அளந்து பிரிக்காத) பாதி மனையையும் முதல் மாடி கட்டும் உரிமையையும் மகனுக்கு எழுதுங்கள். கீழ்த்தளம் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். பத்திரத்தில் இரண்டு விஷயங்கள் தெளிவாக இருக்க வேண்டும். உங்கள் ஆயுள்வரை கீழ்த்தளத்தில் குடியிருக்கும் உரிமையில் யாரும் தலையிடக் கூடாது என்பது ஒன்று. மகன் உங்களுக்குச் சாப்பாடு, மருத்துவம் உள்ளிட்ட அடிப்படைத் தேவைகளைக் கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனையில்தான் இதைக் கொடுக்கிறீர்கள் என்பது மற்றொன்று.

இரண்டாவது நிபந்தனைதான் பெரும்பாலான பத்திரங்களில் விடுபடுகிறது. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு, இப்படி நிபந்தனையுடன் கொடுத்ததை, கவனிப்பு நின்றுபோனால் செல்லாததாக அறிவிக்க வழி செய்கிறது. கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். நிபந்தனை இருந்ததை நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் சொன்னது. 2025 ஜனவரியில் இன்னொரு வழக்கில், இந்தச் சட்டத்தை முதியவர்களுக்குச் சாதகமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்றது. எப்படியானாலும் எழுத்தில் இருப்பதை வாதாடி நிரூபிக்க வேண்டியதில்லை.

கடனைப் பற்றியும் சொல்ல வேண்டும். வங்கி பெரும்பாலும் முழு வீட்டையும் அடமானம் கேட்கும், உங்களையும் கையெழுத்திடச் சொல்லும். தவணை தவறினால் கீழ்த்தளமும் போகும். ஆகவே கடன் தொகைக்கு ஈடான டேர்ம் இன்ஷூரன்ஸ், அதாவது அவருக்கு ஏதாவது நேர்ந்தால் கடனை அடைக்கப் பணம் தரும் ஆயுள் காப்பீடு, மகன் பெயரில் எடுத்த பிறகே கையெழுத்திடுங்கள்.

உங்களிடம் மிஞ்சும் பாகத்துக்கு இப்போதே உயில் எழுதுங்கள். இரண்டு சாட்சிகள் போதும். பதிவு கட்டாயமில்லை என்றாலும் செய்துவிடுங்கள். உயில் இல்லாவிட்டால் அந்தப் பாகத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. மகனுக்கு ஏற்கெனவே பாதி போயிருப்பதால், கீழ்த்தளத்தை மகளுக்கு எழுதுவது நியாயம் என்பது என் கருத்து.

மகள் எதுவும் சொல்லவில்லை என்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பதிவுக்கு முன் அவரை வரவழைத்து, வரைவுப் பத்திரத்தை மூவரும் சேர்ந்து படியுங்கள். நிபந்தனை வரிகளை எடுத்துவிடச் சொல்லி மகன் வற்புறுத்தினால், பதிவைத் தள்ளிவைத்துவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.