ஆண்கள்மேல் இருக்கும் 'இரட்டை அளவுகோல்' என்றால் என்ன?

ஒரே நிலையில் இருக்கும் ஆணையும் பெண்ணையும் வேறு வேறாக மதிப்பிடுவது. சென்னைக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஒரே வஞ்சிரத்தை இரண்டு தராசில் நிறுத்து இரண்டு எடை சொல்வதுபோல.

அங்கே ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகு கரையில் நிற்கும், வருமானமும் நிற்கும். வீட்டிலிருக்கும் பெண்ணை யாரும் கேட்பதில்லை; ஆணை மட்டும் "பொண்டாட்டி காசுல ஒக்காந்து துன்றான்" என்பார்கள். ஆணின் மதிப்பைச் சம்பாத்தியத்தோடு முடிச்சுப் போட்டிருப்பதுதான் காரணம். அதனால் கடனை மறைக்கிறார், வட்டி குட்டி போடுகிறது, மனம் உடைந்தாலும் வாய் திறப்பதில்லை. இது கொடுமை. 2022இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்களில் ஏறக்குறைய 72 சதவீதம் ஆண்கள். (மனம் உடைந்தால் 14416 என்னும் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.)

இதைப் பேசினால் பெண்ணுரிமைக்கு எதிரி என்று நினைப்பது தவறு: 'சம்பாதிப்பது ஆண் வேலை' என்னும் அதே விதிதான், கூடை சுமந்து மீன் விற்கும் பெண்ணின் வருமானத்தைக் கைச்செலவுக் காசாகக் குறைக்கிறது.