வாசகர் கேள்வி: கரிக்கோடும் மிருதங்கமும்

கேள்வி (உப்புவெளி வாசகர்): ஒருவர் மேடையில் கரியால் படம் கீறுகிறார், இன்னொருவர் மிருதங்கம் வாசிக்கிறார். மேலே கட்டிய வெப்கமரா படத்தைப் பிடிக்க, லப்டொப் அதைத் தாளத்துக்கு ஆடவைத்து அதே தாளிலேயே புரொஜெக்டரால் விழுத்துகிறது. ஆனால் ஒரு கோடு பத்தாகப் பெருகிவிடுகிறது. ஆட்டமும் அடிக்குப் பின்னால் இழுபடுகிறது. கணினியை மாற்றவேண்டுமா?

பதில்: வேண்டாம், புதுக் கணினியிலும் இதுதான் நடக்கும். புரொஜெக்டர் விழுத்திய கோட்டையும் கமரா படம் பிடிக்கிறது. மென்பொருள் அதையும் நீங்கள் கீறியதாக எடுத்துத் திரும்ப விழுத்துகிறது. பின்திரையில் விழுத்தினால் தொல்லை உடனே தீரும். திரை கமராவின் பார்வைக்குள் வராமலிருந்தால் சரி.

தாளில்தான் விழுத்தவேண்டுமென்றால் கமராவைக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளிக்கு மாற்றுங்கள். வில்லைக்குப் பின்னாலுள்ள அகச்சிவப்புத் தடுப்புக் கண்ணாடியைக் கழற்றி, அகச்சிவப்பை மட்டும் உள்ளே விடும் வடிகட்டியை முன்னால் மாட்டுங்கள். சிசிடிவி கமராவுக்கென விற்கும் 850 நனோமீற்றர் விளக்குகள் இரண்டைத் தாளின் இரு பக்கமும் சரித்து வையுங்கள். புரொஜெக்டர் ஒளியில் அகச்சிவப்பு மிகக் குறைவென்பதால் கமராவுக்குக் கரிக்கோடு மட்டுமே தெரியும். கரியை விட்டு மார்க்கர் பேனைக்குப் போகாதீர்கள். அந்த மைகள் பலவும் அகச்சிவப்பில் காணாமல் போய்விடும். வெயிலிலும் குண்டு பல்பிலும் அகச்சிவப்பு நிறைய உண்டு. திருகோணமலை டச்பே கடற்கரையில் செய்வதானால் நன்றாக இருட்டிய பிறகு தொடங்குங்கள்.

எப்படிச் செய்தாலும் கமராவின் ஓட்டோ எக்ஸ்போஷரையும் ஓட்டோ ஃபோகஸையும் நிறுத்திவிடுங்கள். கை குறுக்கே வந்ததும் கமரா வெளிச்சத்தைக் கூட்டும். மெல்லிய கோடுகள் அழிந்துபோகும்.

இனி இழுபறி. செக்கனுக்கு 30 பிரேம் எடுக்கும் கமராவில் ஒரு பிரேமுக்கே 33 மில்லிசெக்கன். ஓடியோ பஃபர், அதாவது லப்டொப் ஒரு தடவைக்குச் சேர்த்து எடுக்கும் ஒலி மாதிரிகள், 1024 என்றால், 44,100 ஹேர்ட்ஸில் இன்னொரு 23 மில்லிசெக்கன். புரொஜெக்டரும் தன் பங்குக்குச் சேர்க்கும். அதில் தாமதத்தைக் குறைக்கும் ‘கேம் மோட்’ இருந்தால் போடுங்கள். பஃபரை 256 ஆக்கினால் 6 மில்லிசெக்கனில் முடியும். கோடு சற்றுப் பிந்தினால் சபைக்குத் தெரியாது, அடி பிந்தினால் உடனே தெரியும். ஆகவே அவசரம் ஒலிக்குத்தான்.

மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலைக்கும் இடப்பக்கமான தொப்பிக்கும் தனித்தனியே, தோலின் அதிர்வைப் பிடிக்கும் பீசோ மைக் ஒட்டுங்கள். சபையின் கைதட்டல் உள்ளே வராது. அவற்றை லப்டொப்பின் மைக் துளையில் செருகினால் தொப்பியின் கும்காரம் மெலிந்துவிடும். கிற்றாருக்கான 1 மெகாஓம் உள்ளீடு உள்ள ஓடியோ இன்டர்ஃபேஸ் (ஒலியை லப்டொப்புக்குக் கொண்டுபோகும் வெளிப்பெட்டி) வேண்டும். ஓர் அடி பதிவானதும் 50 மில்லிசெக்கனுக்கு அடுத்ததைக் கணக்கெடுக்காதபடி வையுங்கள். அதிலும் குறைத்தால் ஒரே அடி இரண்டாக எண்ணப்படும். 150 ஆக்கினால் துரிதகாலச் சொற்கள் விழுங்கப்படும்.

கேள்வி (திருகோணமலை மாணவி): இலவச மென்பொருள் போதுமா?

பதில்: தாராளமாக. ஒலிக்குப் பியூர் டேட்டா, படத்துக்குப் புரொசெசிங். இரண்டும் ஒன்றுக்கொன்று தகவல் அனுப்ப, நடுவே ஓஎஸ்சி (OSC) செய்திகள். ஒலி, படம் இரண்டையும் கையாளும் டச்டிசைனரின் இலவசப் பதிப்பும் நல்லதுதான், ஆனால் 1280×1280க்கு மேல் படம் தராது.

கேள்வி (நிலாவெளி வாசகர்): கச்சான் காற்றில் கமராக் கம்பம் ஆடுகிறதே?

பதில்: கமரா, புரொஜெக்டர், கீறும் பலகை மூன்றையும் ஒரே சட்டத்தில் பூட்டுங்கள். ஆடினாலும் சேர்ந்தே ஆடும், கோடு விலகாது. விழும் படத்தின் நான்கு மூலைகளும் தாளோடு பொருந்துகின்றனவா என்று நிகழ்ச்சிக்குச் சற்று முன் மறுபடி சரிபாருங்கள்.